வீதி வைக்கும் பரீட்சை
மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் பெற முயலும் இளைஞர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாக நீண்டு கிடக்கும் நம் ஊர்களில், மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளன்று. வாப்பா வயலுக்குப் போவதும், காக்கா கடை திறக்கப் போவதும், தம்பி பிரத்தியேக வகுப்புக்கு விரைவதும், ராத்தா ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் செல்வதும் பெரும்பாலும் இரண்டு சக்கரங்களின் மீதுதான். ஆகவே வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பியதும் அனுமதிப்பத்திரம் பற்றிய பேச்சு எழுவது இயல்பே. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழைப் பெற வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பின்னர் செயன்முறைப் பரீட்சையில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

எழுத்துப் பரீட்சை தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் நடைபெறுகின்றது. வினாக்கள் 40, அவற்றுள் 30க்கேனும் சரியான விடை அளித்தல் வேண்டும். ஒவ்வொரு வினாவின் கீழும் விடைகள் தரப்பட்டிருக்கும். ஒன்றைத் தெரிவு செய்தால் போதும். இதனால் நம் பிள்ளைகள் பலர் வினா விடைப் புத்தகம் ஒன்றை வாங்கி, இரண்டு மூன்று இரவுகளில் மனனம் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே அதனை அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுகின்றனர். சரித்திரப் பாடத்தில் ஓர் ஆண்டை மறந்தவன் இரண்டு புள்ளிகளை இழப்பான். இப்பாடத்தை மறந்தவன் இழக்கக்கூடியது எதுவென்று நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் இழக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, ஐந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரையிலானோரின் மரணத்துக்கு முதற் காரணமாக நிற்பது வீதி விபத்தேயாகும்.

பரீட்சைப் புத்தகத்தின் விடைகளெல்லாம் அதிகாரிகள் தம் விருப்பப்படி விதித்த கட்டளைகள் என எண்ணுவது தவறு. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. மனிதக் கண்ணின் இயல்பு, டயரின் பிடிப்பு, எடையின் அசைவு, வேகத்தின் கணக்கு என்பனவே அக்காரணங்கள். காரணத்தை அறிந்துகொண்டால் விடை தானாக நினைவில் நிற்கும். பரீட்சை மண்டபத்தில் மட்டுமன்றி, மழை பெய்யும் இரவிலும் நிற்கும். அவற்றுள் முக்கியமான சிலவற்றை இங்கு ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

நமது வீதியின் தன்மை

முதலில் நாம் ஓட்டப் போகும் வீதியை அறிந்துகொள்ளுதல் நன்று. கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலை அடைந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி மட்டக்களப்பில் முடியும் ஏ4 நெடுஞ்சாலையே நம் ஊர்களின் பிரதான வீதி. திருக்கோவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என ஊருக்கு ஊர் தோள் சேர்ந்து நிற்பதை இவ்வழி செல்வோர் காணலாம். கிழக்கே கடல்; மேற்கே வயல். நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்திலேதான் வீடும் பள்ளிவாசலும் கோயிலும் பாடசாலையும் சந்தையும் வைத்தியசாலையும் அமைந்துள்ளன.

இதன் விளைவு யாது? தூரப் பயணத்துக்கென அமைந்த நெடுஞ்சாலையே நமக்கு ஊர்த் தெருவாகவும் இருக்கின்றது. கொழும்பு பஸ் விரைந்து வரும் அதே பாதையில் மதரஸாவுக்குச் செல்லும் சிறுவன் குறுக்கே நடக்கின்றான். மீன் வியாபாரி சைக்கிளை உருட்டுகின்றார். முச்சக்கர வண்டி திடீரென நின்று ஆளை ஏற்றுகின்றது. பத்துப் பதினைந்து யாருக்கு ஒரு குறுக்கு வீதி கடற்கரைப் பக்கமாகப் பிரிகின்றது. அங்கிருந்து எவர், எப்பொழுது வெளிப்படுவார் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ஆகவே, திறந்த வெளியில் வீதி நேராக இருக்கின்றதே என்று வேகத்தைக் கூட்டி வருபவன், ஊர் தொடங்கும் இடத்திலேயே தன் மனத்தையும் மாற்றிக்கொள்ளல் வேண்டும். கட்டிடங்கள் நிறைந்த பகுதியில் மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது சட்டம் விதித்த உச்ச எல்லை. அது கட்டாயம் எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கன்று. பாடசாலை விடும் நேரத்தில் 30 கூட அதிகமாக இருக்கலாம்.

வடிவமே பேசும்

வீதிக் குறியீடுகளைப் படங்களாக மனனம் செய்வது கடினம். அவற்றின் வடிவங்களை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மஞ்சள் நிறச் சாய்சதுரப் பலகை அபாயத்தை முன்னறிவிப்பது. வளைவு, சந்தி, பாடசாலை, ஒடுங்கிய பாலம் முதலியன முன்னே இருப்பதை அது கூறும். சிவப்பு விளிம்புடைய வட்டம் ஒன்றைச் செய்யாதே எனத் தடுப்பது. நீல வட்டம் இன்னதைச் செய் எனக் கட்டளையிடுவது. எண்கோணமாகச் சிவந்து நிற்பது ஒன்றே ஒன்றுதான்; அது 'நில்' என்பது. தலைகீழான முக்கோணம் 'வழிவிடு' என்பது. இவ்விரண்டுக்கும் மட்டும் தனி வடிவம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. சேறு படிந்து எழுத்து மறைந்தாலும், பின்புறமிருந்து பார்த்தாலும், வடிவத்தைக் கொண்டே அவற்றை இனங்காண இயலும்.

சுற்றுவட்டத்தில் வலப்புறமிருந்து வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டுமென்பது பரீட்சையில் எதிர்பார்க்கத்தக்க வினா. இடப்பக்கமாக ஓட்டும் நம் நாட்டில், வட்டத்தினுள் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருப்பவர் நமக்கு வலப்புறமாகவே வருவார். உள்ளே இருப்பவரை வெளியேற விட்டாற்றான் வெளியே நிற்பவர் உள்ளே புக முடியும். எல்லோரும் முண்டியடித்து நுழைந்தால் வட்டம் அடைபட்டுப் போகும். காரணத்தை அறிந்தவனுக்கு இவ்விடை ஒருபோதும் மறக்காது.

ஒரு வினாடியின் விலை

'முன்னே செல்லும் வாகனத்துக்கும் உமக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருத்தல் வேண்டும்?' என்பது மற்றொரு வினா. இதற்குச் சிறிது கணக்குத் தேவை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடந்துவிடுகின்றான். முன்னே ஓர் ஆடு பாய்கின்றது எனக் கொள்வோம். கண் அதைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கை பிறேக்கைப் பிடிப்பதற்கு விழிப்பான ஒருவனுக்கும் ஏறத்தாழ ஒரு வினாடி செல்லும். அந்த 14 மீற்றரும் வேகம் சிறிதும் குறையாமலே கழிந்துவிடும். அதன் பின், காய்ந்த நல்ல வீதியில் முறையாகப் பிறேக் பிடித்தாலும் வண்டி முற்றாக நிற்க இன்னும் 16 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் ஏறத்தாழ 30 மீற்றர்.

வேகம் 30 கிலோமீட்டராக இருந்தால் இதே கணக்கு 14 மீற்றரில் முடிந்துவிடும். வேகம் 70 ஆனால் 50 மீற்றரையும் தாண்டிவிடும். வேகம் இருமடங்கானால் பிறேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பௌதிகவியல் படிக்கும் மாணவர் அறிந்த உண்மை. மழை நனைத்த வீதியில் இத்தூரங்கள் இன்னும் நீளும். இதனாற்றான் இரண்டு வினாடி இடைவெளி என்னும் எளிய அளவை உலகெங்கும் கற்பிக்கின்றார்கள். முன்னே செல்லும் வாகனம் ஒரு மின்கம்பத்தைக் கடக்கும்போது 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என நிதானமாக எண்ணுக. நீர் எண்ணி முடிக்குமுன் அக்கம்பத்தை அடைந்துவிட்டால், நெருங்கிச் செல்கின்றீர் என்பது பொருள். மழை நாளில் நான்கு வரை எண்ணுதல் நன்று. இதற்கு அளவுகோல் வேண்டாம். எவ்வேகத்துக்கும் இது பொருந்தும்.

முன் பிறேக்கும் மணலும்

மோட்டார் சைக்கிள் பழகும் பிள்ளைகளுக்கு ஊரிலே முதலில் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம், 'முன் பிறேக்கைத் தொடாதே, கவிழ்ந்துவிடுவாய்' என்பதாகும். இஃது அரை உண்மை. அரை உண்மை சில வேளைகளில் முழுப் பொய்யைக் காட்டிலும் ஆபத்தானது. ஓடும் வண்டியின் வேகத்தைக் குறைக்கும்போது எடை முழுவதும் முன்னோக்கிச் சாய்கின்றது. பஸ் பிறேக் பிடிக்கும்போது நாம் முன்னே தள்ளப்படுவதும் இதனாலேயே. அவ்வேளையில் முன் டயர் வீதியில் அழுந்திப் பிடிக்கும். பின் டயர் எடை குறைந்து மிதக்கும். எனவே நிறுத்தும் ஆற்றலின் பெரும்பங்கு முன் பிறேக்கிலேயே இருக்கின்றது. பின் பிறேக்கை மட்டும் நம்புபவன் நீண்ட தூரம் இழுபட்டுச் செல்வான். அல்லது பின் சக்கரம் இறுகிப் பக்கவாட்டில் வழுக்கி விழுவான்.

இரண்டையும் சேர்த்து, முன் பிறேக்கை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோலப் படிப்படியாக அழுத்துதலே சரியான முறை. வண்டி நிமிர்ந்தும் கைப்பிடி நேராகவும் இருத்தல் வேண்டும். வளைவிலே சாய்ந்து செல்லும்போது பலமாகப் பிறேக் பிடிக்கலாகாது. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிடல் வேண்டும். ஏனெனில் டயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள தொடர்பு நம் உள்ளங்கையளவுதான். அந்தச் சிறு இடமே வண்டியைத் திருப்பவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். இரண்டு வேலைகளையும் ஒருங்கே அதன் தலையில் ஏற்றினால் அது கைவிட்டுவிடும்.

கடலோரத்தவராகிய நமக்கு மணல் ஒரு தனிப் பகை. கடற்கரைக் குறுக்கு வீதிகள் பிரதான வீதியைச் சந்திக்கும் இடங்களில் காற்றாலும் சக்கரங்களாலும் வந்த மணல் மெல்லிய படையாகப் படிந்து கிடக்கும். மணல் மணிகள் டயரின் அடியில் உருளும் குண்டுகள்போல் இயங்குவதால் அங்கே பிடிப்பு என்பதே இல்லை. அவ்விடத்தை அடையுமுன் வேகத்தைத் தணித்து, வண்டியைச் சாய்க்காமல் கடந்து செல்லல் வேண்டும். அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயப்போடும் நெல்லும், உழவு இயந்திரம் சிந்திச் செல்லும் வைக்கோலும் அவ்வாறே.

காணப்படுதல் என்னும் கலை

மோட்டார் சைக்கிள் விபத்துக்களை ஆராய்ந்த அறிஞருள் ஹரி ஹேர்ட் என்பவர் முக்கியமானவர். அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவரும் அவரது குழுவினரும் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த ஏறத்தாழ 900 விபத்துக்களை, நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டனர். வேறொரு வாகனத்துடன் மோதிய விபத்துக்களில் மூன்றில் இரு பங்கு, மற்றவர் வழிவிடத் தவறியதால் நிகழ்ந்தவை என்பது அதன் முக்கிய முடிவு. அவ்வாறு தவறிய சாரதிகளுட் பலர் மோட்டார் சைக்கிளைத் தாம் காணவேயில்லை என்றனர். அல்லது காலம் கடந்தே கண்டனர்.

இது வெறும் சாட்டன்று. சிறிய உருவம் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றுவது மனிதக் கண்ணின் இயல்பு. லொறி வந்தால் காத்து நிற்கும் அதே மனிதர், அதே தூரத்தில் அதே வேகத்தில் மோட்டார் சைக்கிள் வந்தால் 'இன்னும் தூரத்தில்தானே வருகின்றது' என்று குறுக்கே திருப்பிவிடுகின்றார். காரைதீவுச் சந்தியில் அம்பாறை வீதிக்குத் திரும்ப நிற்கும் வாகனமாயினும், கல்முனைக் கடைத்தெருவில் எதிர்ப்பக்கம் திரும்பும் ஓட்டோவாயினும், அது நம்மைக் கண்டுவிட்டது என நாமாக முடிவு செய்தல் தவறு. பகலிலும் முன்விளக்கை எரிய விடுதல், வெளிறிய நிற உடை அணிதல், பெரிய வாகனத்தின் பின்னால் ஒளிந்து செல்லாமை, சந்தியில் வேகத்தைத் தணித்துப் பிறேக்கின் மேல் விரலை வைத்திருத்தல் ஆகியன நாம் செய்யத்தக்கவை.

நாம் பிறரைக் காண்பதிலும் இதே குறை உண்டு. கண்ணாடி பின்புறத்தை முழுமையாகக் காட்டுவதில்லை. தோளுக்கருகே ஒரு மறைவிடம் எப்போதும் இருக்கும். ஆகவே திரும்புவதற்கு முன் கண்ணாடி பார்த்து, சமிக்ஞை காட்டி, அதன் பின் தோளுக்கு மேலாக ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். சமிக்ஞை விளக்கைப் போட்டுவிட்டதாலேயே வழி நமக்கு உரியதாகிவிடாது. திரும்பி முடித்ததும் அதனை அணைக்க மறப்பதும் பெருந் தீங்கு; எரிந்துகொண்டே செல்லும் விளக்கு எதிரே வருபவருக்குப் பொய் சொல்கின்றது.

தலைக்கவசத்தின் கதை

தலைக்கவசம் பற்றிய விதி எவ்வாறு பிறந்தது என்பது பலர் அறியாதது. முதலாம் உலக யுத்தத்தில் அரபு நாடுகளில் பணியாற்றிப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் ரி. ஈ. லோரன்ஸ் என்பவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் பெரு விருப்பங் கொண்டவர். 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் அவர் இங்கிலாந்தில் தம் வீட்டுக்கருகே ஓட்டிச் செல்கையில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்களை மோதாது விலக முயன்று தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசமில்லை. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து 19ஆம் நாள் இறந்தார்.

அவருக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர்களுள் ஒருவர், அவுஸ்திரேலியாவிற் பிறந்த மூளைச் சத்திர நிபுணர் ஹியூ கெயான்ஸ். அம்மரணம் அவர் மனத்தை உறுத்தியது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இராணுவத் தகவல்களை மோட்டார் சைக்கிளில் எடுத்துச் சென்ற வீரர்களின் தலைக் காயங்களை அவர் ஆராய்ந்து, 1941இல் கட்டுரை வெளியிட்டார். கவசம் அணிந்தவர்களின் காயம் எவ்வளவு இலேசானது என்பதை அவர் காட்டினார். அவ்வாண்டின் இறுதியில் பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்நாட்டில் அது சட்டமானது 1973இல். 1952இல் மறைந்த கெயான்ஸ் அதைக் காணவில்லை. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இல் வெளியான மதிப்பீடு ஒன்று, தலைக்கவசம் விபத்துக்குள்ளானோரின் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 அளவும், தலைக்காய அபாயத்தை நூற்றுக்கு 69 அளவும் குறைக்கின்றது எனக் கூறுகின்றது.

காப்பாற்றுவது வெளியிலுள்ள ஓடு மட்டுமன்று. உள்ளே நாம் ரிஜிபோம் என வழங்கும் பொருளைப் போன்ற நுரைப்படை ஒன்றுண்டு. மோதும்போது அது நசுங்கி, அதிர்ச்சியைத் தான் ஏற்றுக்கொள்கின்றது. ஒருமுறை நசுங்கியது மீளாது. ஆகவே பலத்த அடிபட்ட கவசம் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உதவாது. கன்னப்பட்டி பூட்டப்படாத கவசமும் அவ்வாறே. முதல் அதிர்ச்சியிலேயே அது தலையைவிட்டுப் பறந்துவிடும். பொலிஸார் நிற்கும் இடம் வரை கையில் மாட்டிச் சென்று அங்கே அணிபவர், தலையைக் காக்கவில்லை. தண்டப் பணத்தையே காக்கின்றார். 'பள்ளிவாசல் வரைதானே', 'அடுத்த தெருவுக்குத்தானே' என்பன வழக்கமான சாட்டுக்கள். அடுத்த தெருவின் கொங்கிறீற்றும் நெடுஞ்சாலைத் தாரைப்போலவே கடினமானது.

இருவர் ஏறும் வண்டி

ஓட்டுபவரும் பின்னே ஒருவரும் என இருவருக்காக அமைக்கப்பட்டதே மோட்டார் சைக்கிள்; சட்டமும் அவ்வளவே அனுமதிக்கின்றது. ஆனால் நம் வீதிகளில் நாம் காண்பது என்ன? பெற்றோல் தாங்கியின் மேல் ஒரு குழந்தை, நடுவே ஒரு குழந்தை, பின்னே உம்மா. அவர் மடியில் ஒரு கைக்குழந்தை. வறுமையும் தூரமும் இதற்குக் காரணங்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் முன்னே அமரும் குழந்தை, விபத்து நேரும்போது வாப்பாவின் எடை முழுவதற்கும் கைப்பிடிக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்ளும். பெரியவர்கள் இருவரும் கவசம் அணிந்து, குழந்தையின் தலையை வெறுமையாக விடுவது எவ்வகை நியாயம்?

பின்னே அமரும் பெண்கள் தம் உடையில் கவனம் செலுத்துதல் மிக அவசியம். அபாயாவின் விளிம்பும் சேலை முந்தானையும் ஷோலின் நுனியும் காற்றில் பறந்து பின் சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால், ஒரு கணத்தில் ஆளை இழுத்து வீழ்த்திவிடும். ஏறி அமர்ந்ததும் உடையை ஒடுக்கி உட்கார்ந்து, 'சரி' என்று சொன்ன பின்னரே வண்டியைப் புறப்படச் செய்யும் பழக்கம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஏற்பட வேண்டும். சக்கரத்தை மறைக்கும் காப்பும் சங்கிலி மூடியும் அழகைக் கெடுக்கின்றன என்று கழற்றி எறியும் இளைஞர்களுக்கு இதனை எடுத்துக் கூறுதல் வேண்டும்.

காலமும் நேரமும்

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நம் பகுதியின் தாழ்ந்த வீதிகளை வெள்ளம் மூடுவதுண்டு. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், காரைதீவு - அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியில் மதரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டுக் கவிழ, இளம் உயிர்கள் பறிபோன துயரத்தை நாம் மறக்கவில்லை. அத்துணைப் பாரமான இயந்திரத்தையே புரட்டிய நீருக்கு மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம்? வீதியைக் குறுக்கறுத்து ஓடும் வெள்ளத்தின் ஆழத்தைக் கண்ணால் அளக்க இயலாது. அடியில் வீதி இருக்கின்றதா, அரித்துச் செல்லப்பட்டதா என்பதும் தெரியாது. திரும்பிச் செல்வதே அறிவு. மழை தொடங்கிய முதற் சில நிமிடங்களும் அவதானத்துக்குரியவை. வீதியிற் படிந்த எண்ணெயும் தூசியும் நீருடன் கலந்து வழுக்கும் வேளை அது.

இரவிலே கட்டாக்காலி மாடுகள் தார் வீதியின் சூட்டை நாடி வந்து படுத்துக் கிடக்கும். பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டிகளும் இருளிற் செல்லும். முன்விளக்கின் ஒளி எவ்வளவு தூரம் எட்டுகின்றதோ அத்தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே இரவுக்கு உரிய வேகம். எதிரே வருபவருக்கு விளக்கைத் தாழ்த்துதல் மரியாதை மட்டுமன்று. அவர் கண் கூசினால் நம்மீதே வந்து மோதுவார்.

நோன்பு மாதத்து மாலைப் பொழுதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகல் முழுதும் உண்ணாமலும் பருகாமலும் இருந்த உடல் சோர்ந்திருக்கும். பார்வையும் கவனமும் தளர்ந்திருக்கும். அந்நேரத்திற்றான் நோன்பு துறக்க வீடு சேர வேண்டுமென்ற அவசரமும் எல்லோரையும் ஒருங்கே பற்றிக்கொள்கின்றது. இரண்டு பேரீச்சம்பழங்களைச் சட்டைப்பையில் வைத்திருப்பவன் வழியில் நின்று நோன்பு துறந்து, நிதானமாக வீடு சேரலாம். பதறாத காரியம் சிதறாது என்பது முன்னோர் மொழி.

புறப்படுமுன் இரண்டு நிமிடம்

வண்டியை எடுக்குமுன் டயரின் காற்றையும் தேய்வையும், இரு பிறேக்குகளையும், சங்கிலியின் தளர்வையும், முன் பின் விளக்குகளையும், எண்ணெயையும் ஒருமுறை பார்த்துக்கொள்க. பக்கத்து ஸ்டாண்டை மடக்காமற் புறப்பட்டு, இடப்புறம் சாய்ந்து திரும்பும்போது அது நிலத்தில் முட்டி விழுவது எங்கும் அறிந்த விபத்து. கைத்தொலைபேசியைக் கவசத்துக்குள் செருகிப் பேசிக்கொண்டு ஓட்டுவோரும் உளர். மேலே சொன்ன ஒரு வினாடிக் கணக்கு கவனம் முழுவதும் வீதியில் இருப்பவனுக்குரியது. பேச்சில் மூழ்கியவனுக்கு அது இரண்டாகும், மூன்றாகும்.

வழியில் விபத்தொன்றைக் காண நேர்ந்தால், முதலில் பின்னே வரும் வாகனங்களை எச்சரித்து நிறுத்துக. இலவச அம்புலன்ஸ் சேவையான 'சுவசெரிய'வின் இலக்கம் 1990. பொலிஸ் அவசர இலக்கம் 119. காயமுற்றவரின் தலைக்கவசத்தைப் பதற்றத்தில் இழுத்துக் கழற்றலாகாது. கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டிருந்தால் அந்த இழுப்பே அவரை முடமாக்கிவிடும். மூச்சு விடுகின்றாரா எனப் பாருங்கள்; இரத்தம் பெருகும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி முச்சக்கர வண்டியில் மடித்து ஏற்றுவது அன்பினாற் செய்யும் தீங்கு.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

முன்னர்க் குறிப்பிட்ட 1981ஆம் ஆண்டு அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் முறையான பயிற்சி பெறாதவர். தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பரிடமோ பழகியவர். நம் ஊர்களிலும் பெரும்பாலும் அவ்வாறே. தம்பிக்குக் காக்காவே ஆசான். காக்காவிடமுள்ள பிழைகளும் பாடத்தோடு சேர்ந்தே தம்பியை அடைகின்றன. பரீட்சையிற் சித்தியடைந்தால் வண்டி வாங்கித் தருவேன் என வாக்களிக்கும் பெற்றோர், அனுமதிப்பத்திரம் கிடைக்குமுன்னரே சாவியைக் கொடுத்துவிடுவதும் உண்டு. அஃது அன்பன்று, பிள்ளையின் கண்ணீருக்குத் தோற்றுப் போதலே.

எழுத்துப் பரீட்சைக்கும் செயன்முறைப் பரீட்சைக்கும் இடையே கிடைக்கும் காலத்தை வீணாக்காதீர்கள். பயிலுனரென்பதைக் காட்டும் பலகையுடன், தக்கவர் ஒருவரின் மேற்பார்வையில், சன நடமாட்டமற்ற இடத்தில் பயிற்சி தொடங்கட்டும். எட்டு வடிவில் மெதுவாக வளைத்துத் திருப்பப் பழகுதல், சமநிலையையும் கிளச்சின் அளவையும் கற்றுத் தரும். வேகமாக ஓட்ட எவராலும் முடியும். நடக்கும் வேகத்தில் கால் ஊன்றாமல் ஓட்டுவதிற்றான் திறமை வெளிப்படும். நிலத்தில் ஒரு கல்லை வைத்து, 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அவ்விடத்தில் இரு பிறேக்குகளையும் பிடித்து, நின்ற இடம் வரை அடியளந்து பார்க்கச் சொல்லுங்கள். தான் எண்ணியதைவிட எத்தனை அடி அதிகமாக ஓடியது என்பதைப் பிள்ளை தன் காலாலேயே அளந்து அறியட்டும். எந்தப் புத்தகமும் அதனை அவ்வளவு நன்றாகப் போதிக்க இயலாது.

பரீட்சை மண்டபத்தில் 40 வினாக்களுள் 10 பிழைத்தாலும் சித்தி உண்டு. வீதி அவ்வளவு தாராளமானதன்று. காலையில் பாடசாலை வாசலிலும், மதியம் சந்தியிலும், இரவில் மாடு படுத்த வளைவிலும் அது வினாக்களைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றது. அலுமாரியின் மேல் தட்டிலுள்ள அந்தச் சிறு புத்தகத்தை இன்றே எடுத்துத் தூசி தட்டுங்கள். பல்லாண்டுகளாக ஓட்டும் வாப்பாவும் அதனை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். பிள்ளையை அருகில் இருத்தி, ஒவ்வொரு விடைக்கும் 'ஏன்?' என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளையின் கையில் சாவியைக் கொடுக்கலாம்.